பர்னாந்துவின் பாட்டி யார்?

தூத்துக்குடிக்காரர் ஒருவர் வெளியூரில் தன் பெயரைப் பர்னாந்து என்று சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அப்ப நீங்க போர்ச்சுக்கீஸ் வம்சமா?" கேட்பவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ரோச், மச்சாது, கொரேரா, மிராண்டா, கோமஸ், வாஸ், மோத்தா என்று வரிசையாகக் காதில் விழுந்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கு ஆத்திரம் வருவது பதில் சொல்கிற நம்மவர்கள்மேல். "ஆமா, பூட்டனுக்குப் பூட்டன் கப்பல்ல வந்த ஆளாம், தாத்தா சொல்லுவாரு" என்று பெருமையாகத் தலையாட்டுகிறார்கள். ஆதாரம் கேட்டால் ஏதோ ஒரு அத்தையின் வெளுத்த நிறத்தையோ பூனைக் கண்ணையோ காட்டுவார்கள். இப்போது புதிதாக, எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி வாங்கிய மரபணு அறிக்கை ஒன்றும் செல்போனில் இருக்கிறது. இன்னும் சிலர், கோவாக்காரர்களைப்போல நமக்கும் போர்த்துக்கல் குடியுரிமை வாங்க முடியுமா என்று விசாரிக்கிறார்கள். முடியாது. கோவாக்காரருக்கு அந்த வழி திறந்திருப்பது பெயருக்காக இல்லை. 1961 டிசம்பர் வரை கோவா போர்த்துக்கல்லின் ஆட்சியில் இருந்தது; அந்த மண்ணில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியர் 1658லேயே டச்சுக்காரர்களிடம் இழந்துவிட்டார்கள்.

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் மூதாதையைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் அடியில் இருக்கிறது. தூத்துக்குடியைச் சுற்றியுள்ள முத்துக்குளித்துறைக் கரையில் அந்த நம்பிக்கை செல்லாது. இங்கே குடும்பப் பெயர் இரத்தத்தோடு வந்ததில்லை, ஞானஸ்நானத் தண்ணீரோடு வந்தது. வம்சத்தைத் தேடுகிறவர் தாய்வழியாகத்தான் ஏற வேண்டும். அதற்கான ஏடுகள் நம் பங்குக் கோயில்களில் இருக்கின்றன. புரட்டுவார்தான் இல்லை.

1530களில் நடந்ததைப் பார்ப்போம். முத்துக்குளிப்பு உரிமை யார் கையில் என்பதில் இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றி, கடற்கரையில் வெட்டுக்குத்து நடந்தது. பரதவர்களின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அவர்களுக்கு அந்த வழியைச் சொன்னவர் ஜான் தா குரூஸ் என்ற குதிரை வணிகர். பெயரைக் கேட்டால் லிஸ்பன்காரர் என்றே தோன்றும். அவர் கோழிக்கோட்டுக்காரர், சாமூதிரி மன்னர் போர்த்துக்கல்லுக்கு அனுப்பிவைத்த ஆள், அங்கே போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்று அந்தப் பெயரோடு திரும்பியவர். ஆக, இந்தக் கடற்கரையின் கதையில் முதலில் தலைகாட்டும் 'குரூஸ்' ஒரு மலையாளக் கரைக்காரர். பரதவர்களின் சாதித் தலைவரும் அதே பெயரைத்தான் ஞானஸ்நானத்தில் ஏற்றார் என்பது மரபு. அந்த வீட்டில் 'குரூஸ்' தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது.

1536, 37இல் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. சுமார் 20,000 பேர் என்பது வரலாற்று நூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கொச்சியிலிருந்து வந்த பாதிரியார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஞானஸ்நானத்துக்குப் பெயர் வேண்டும், ஞானத்தகப்பன் வேண்டும். கூட வந்த கப்பல் தலைவனோ சிப்பாயோ ஞானத்தகப்பனாக நின்றால் அவன் பெயர் பிள்ளைக்கு. கோவாவிலும் இப்படித்தான் நடந்தது. அங்கே பிராமணக் குடும்பங்கள் டிசோசாவாகவும் மெனேசசாகவும் மாறின. அவர்களை யாரும் லிஸ்பன் வம்சம் என்று சொல்வதில்லை, அவர்களும் தங்கள் சாதியை மறந்ததில்லை. இலங்கையில் பெரேராவும் டி சில்வாவும் பர்னாந்துவும் சிங்களக் கிராமமெங்கும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஐரோப்பிய வம்சமா என்று கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊரில் மட்டும் சிரிப்பதற்குப் பதிலாகத் தலையாட்டுகிறோம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 கடைசியில் தூத்துக்குடி வந்து சேர்ந்ததும் ரோமுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வழியில் தான் பார்த்த கிறிஸ்தவ ஊர்களைப் பற்றிச் சொல்லும்போது, நிலம் வறண்டு ஏழ்மையாக இருப்பதால் அங்கே போர்த்துக்கீசியர் யாரும் குடியிருப்பதில்லை என்று எழுதுகிறார். கற்பிக்க ஆளில்லாததால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அந்த மக்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை என்றும் சொல்கிறார். பெயர் வந்து ஆறேழு ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. இருபதாயிரம் பர்னாந்துகளும் கோமசுகளும் இருக்கிறார்கள், அந்த ஊர்களில் குடியிருக்க ஒரு போர்த்துக்கீசியன் இல்லை. இதற்கு மேலும் அந்தக் கப்பல் பூட்டனை நம்புகிறவர்களுக்கு எந்தக் கடிதத்தைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும் அவரே எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். ஆண்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளை அனுப்பிவைப்பார்களாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் செல்வாக்கோடு இருந்தது ஏறத்தாழ 120 ஆண்டு. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள், நடுவில் சில இடைவெளிகளோடு, 1825 வரை தூத்துக்குடியைக் கையில் வைத்திருந்தார்கள். அதன்பின் ஆங்கிலேயர் 1947 வரை. ஆள வந்தவனின் இரத்தம்தான் பெயராக மாறியதென்றால், இன்று தூத்துக்குடியில் போர்த்துக்கீசியப் பெயர்களைவிட 'வான்' என்று தொடங்கும் டச்சுப் பெயர்கள் அதிகமாக இருந்திருக்க வேண்டும். பரதவர் வீடுகளில் அப்படி ஒரு பெயரை நான் கேட்டதில்லை. டச்சுக்காரர்கள் கால்வின் சபையினர். கத்தோலிக்கப் பாதிரியார்களை விரட்டினார்கள், கோயில்களைப் பறித்தார்கள், தங்களுக்கென்று ஒரு கோயிலையும் தூத்துக்குடியில் கட்டிக்கொண்டார்கள். பரதவர்கள் அவர்கள் ஆட்சியில் முத்துக் குளித்தார்களே தவிர ஞானஸ்நானத்துக்குத் தலையைக் கொடுக்கவில்லை. அதனால் டச்சுப் பெயர் ஒட்டவில்லை. போர்த்துக்கீசியப் பெயர்களுக்கு நடுவே வில்லவராயர், பூபாலராயர் போன்ற தமிழ்ப் பட்டங்கள் அப்படியே நின்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே தெருவில், ஒரே சாதியில், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று பூபாலராயர், மற்றது மிராண்டா. இதில் எது கப்பலில் வந்தது?

புன்னைக்காயலில் பிறந்த பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் 1923இல் தூத்துக்குடியின் முதல் ஆயரானார். தற்காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். ரோச் என்ற பெயர் ஐரோப்பிய இரத்தம் என்றால் அந்தக் கொண்டாட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதான். வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவின் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு போர்த்துக்கீசியனுக்கா மாலை போடுகிறார்கள்?

கலப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. புன்னைக்காயலில் போர்த்துக்கீசியக் கோட்டை இருந்தது, சிப்பாய்கள் இருந்தார்கள். தூத்துக்குடியில் கொஸ்மே தெ பைவா என்ற போர்த்துக்கீசியத் தலைவன் இருந்தான். அவனுடைய அட்டூழியங்களைப் பற்றிச் சவேரியார் நொந்து எழுதியிருக்கிறார். உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டவர்களும் இருந்தார்கள். சரி, அப்படி ஒரு சிப்பாயின் இரத்தம் பரதவர்களுக்குள் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குடும்பப் பெயர் எதையும் காட்டாது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 1536க்கும் நமக்கும் நடுவே இருபது தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையும் இரட்டிக்கும்: இரண்டு பெற்றோர், நான்கு பாட்டன் பாட்டி, எட்டு பூட்டன் பூட்டி என்று போனால் இருபதாவது படியில் 10,48,576 இடங்கள். அன்றைக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களோ இருபதாயிரம். சாதிக்குள்ளேயே, பெரும்பாலும் மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள்ளேயே மணம் முடித்த சமூகம் இது. எனவே ஒரே பாட்டி ஐம்பது, நூறு இடங்களில் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிப்பாயின் பிள்ளை ஒன்று இந்த வலைக்குள் விழுந்து அதன் சந்ததி தழைத்திருந்தால், அவன் இன்றைக்கு மச்சாதுவுக்கும் மூதாதை, வில்லவராயருக்கும் மூதாதை. விழவில்லை என்றால் இருவருக்குமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் மச்சாது என்ற பெயர் தனியாக ஒரு துப்பும் தரவில்லை.

மரபணு அறிக்கைக்காரர்களும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம். இருபது தலைமுறைக்கு முந்தைய ஒரே ஒரு ஆளின் பங்கு, அவன் ஒரே ஒரு இடத்தில் வந்தால், கணக்குப்படி பத்து லட்சத்தில் ஒன்று. பெரும்பாலும் அவனிடமிருந்து ஒரு துணுக்குகூட உங்களிடம் மிஞ்சியிருக்காது. அறிக்கையில் வரும் 'ஐபீரியா ஒரு சதவீதம்' என்பது அந்த நிறுவனம் கையில் வைத்திருக்கும் ஒப்பீட்டுத் தொகுப்பைப் பொறுத்தது. தொகுப்பை மாற்றினால் அடுத்த வருடம் ஐபீரியா காணாமல் போகும். அதற்காக லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டவர்கள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும், நல்ல ஊர்தான்.

குடும்ப மரம் வரைவதில் உலகத்துக்கே வாத்தியார்களாகத் தங்களை நினைத்துக்கொள்கிறவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய அனுபவம் என்ன சொல்கிறது? 1620இல் மேஃப்ளவர் கப்பலில் பெற்றோரோடு போன எலிசபெத் டில்லி சிறுமி. முதல் குளிர்காலத்திலேயே தாயும் தகப்பனும் இறந்தார்கள். பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் வீட்டில் சேர்ந்தாள். அங்கே வேலைக்காரனாக வந்த ஜான் ஹவ்லண்டை மணந்து பத்துப் பிள்ளைகள் பெற்றாள். பின்னால் வந்த சந்ததிகள், தங்கள் மூதாட்டி ஆளுநர் கார்வரின் மகள் என்று சொல்லத் தொடங்கினார்கள். நினைவுக்கல்லிலும் அப்படியே செதுக்கினார்கள். வேலைக்காரன் அனாதைப் பெண்ணைக் கட்டினான் என்பதைவிட ஆளுநர் வீட்டு மாப்பிள்ளை என்பது கேட்க நன்றாயிருக்கிறது அல்லவா? 1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில், வில்லியம் பிராட்ஃபோர்டு தன் கையால் எழுதிய பிளிமத் வரலாற்றின் மூலப்பிரதி அகப்பட்டது. அதில் கப்பலில் வந்தவர்களின் பட்டியல் இருந்தது. எலிசபெத் ஜான் டில்லியின் மகள் என்று தெளிவாக எழுதியிருந்தது. கல்லில் வெட்டிய பொய்யைக் காகிதத்தில் எழுதிய ஒரு வரி சாய்த்தது. பெருமைக் கதைக்கு எதிராக அந்தக் காலத்தில் எழுதிய ஒரு வரி கிடைத்தால் எதை நம்புவது என்பதில் அமெரிக்கர்கள் தயங்கவில்லை. சவேரியாரின் கடிதத்தை வைத்துக்கொண்டு நாம் ஏன் தயங்குகிறோம்?

இன்னும் பொருத்தமான கதை போகஹாண்டஸ். வர்ஜீனியாவின் பூர்வகுடித் தலைவர் போஹாட்டனின் மகள். 1613இல் ஆங்கிலேயர் பிடித்துவைத்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து ரெபெக்கா என்று பெயரிட்டார்கள். 1614இல் ஜான் ரால்ஃப் மணந்துகொண்டார். 1617இல் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் இறந்தபோது அங்குள்ள கோயில் ஏட்டில் புருஷன் பெயரையே தப்பாக எழுதி, தாமஸ் ராத்தின் மனைவி ரெபெக்கா என்று பதிந்தார்கள். வர்ஜீனியாவில் பிறந்தவள் என்று கூடவே ஒரு குறிப்பை எழுதாமல் விட்டிருந்தால், பெயரை மட்டும் பார்க்கிற எந்த வம்ச ஆராய்ச்சியாளரும் அவளை ஆங்கிலேயச் சீமாட்டி என்றே முடிவுகட்டியிருப்பார். நம் பர்னாந்துகளுக்கு நடந்ததும் இதுதான். பூட்டன் ஊர்க்காரன், பெயர் ஞானஸ்நானத் தொட்டியில் வைத்தது. பின்னால் வர்ஜீனியாவின் மேட்டுக்குடிகள் போகஹாண்டஸின் சந்ததி என்று பெருமை பேசினார்கள். 1924இல் வெள்ளை இனத் தூய்மைச் சட்டம் போட்டபோது, அந்தப் பெருமைக்காரர்கள் சட்டத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதினாறில் ஒரு பங்கு வரை பூர்வகுடி இரத்தம் உள்ளவர்களும் வெள்ளையர்தான் என்று ஒரு விலக்கையும் சேர்த்தார்கள். முன்னோரை இரத்தம் தேர்ந்தெடுப்பதில்லை, உயிரோடு இருக்கிறவர்களின் வசதி தேர்ந்தெடுக்கிறது.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்பவர்கள் மன்னார் வளைகுடாவைத் தாண்டி யாழ்ப்பாணம் போகலாம். 1816இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பும் அமெரிக்க உபகாரி, அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரையோ தனக்குப் பிடித்தவர் பெயரையோ வைக்கலாம். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை, நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான கரோல் விசுவநாத பிள்ளை எல்லாரும் அந்த வழியில் வந்தவர்கள். ஆர்னல்டின் தாத்தா பாஸ்டனில் இருந்தார் என்று எந்த யாழ்ப்பாணத்தாரும் சொன்னதில்லை. பெயர் எப்படி வந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நூறு இருநூறு ஆண்டுதான் ஆகிறது. நமக்கு ஐந்நூறு ஆண்டு ஆகிவிட்டதால் மறதி வம்சமாக மாறிவிட்டது.

அந்த மிஷனின் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் 1796இல் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் லாத்ரோப். தமிழ் அகராதி வெளியிட்ட மிரன் வின்ஸ்லோவின் மனைவி. அவருடைய தங்கைகள் மூவரும் பின்னாலேயே மிஷன் பணிக்கு வந்தார்கள். ஒருவர் செர்ரி, ஒருவர் பெர்ரி, ஒருவர் ஹட்சிங்ஸ். ஒரே தாய் வயிற்றில் பிறந்த நான்கு பெண்கள், ஒரே மிஷன், நான்கு குடும்பப் பெயர்கள். பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு இவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். ஹாரியட் 1833இல் உடுவிலில் இறந்தார். அங்கே பிறந்த மகள், தாயின் பெயரையே தாங்கிய இன்னொரு ஹாரியட், மெட்ராசில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸை மணந்தார். அவர்களுடைய பேரன்கள்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸும், சிஐஏ தலைவராக இருந்த ஆலன் டல்லஸும். பனிப்போர் காலத்தில் உலகத்தை ஆட்டிவைத்த இரண்டு பேரின் கொள்ளுப்பாட்டி யாழ்ப்பாணத்துக்காரியாகவே வாழ்ந்து முடிந்தவர் என்பது டல்லஸ் என்ற பெயரைச் சுரண்டிப் பார்த்தால் தெரியாது. லாத்ரோப், வின்ஸ்லோ, டல்லஸ் என்று பெயர் மாறும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெண் நிற்கிறாள்.

"அதெல்லாம் அமெரிக்கா. நம்ம ஊர்ல பொம்பளைகளுக்கு எங்க ரெக்கார்டு?" என்பது அடுத்த சமாதானம். அரைகுறை உண்மைதான். சவேரியார் 1542இல் எழுதிய அதே கடிதத்தில், கொம்புத்துறையில் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் பிள்ளை பிறந்த செய்தி வருகிறது. அந்த வீட்டார் அத்தனை பேரும் அன்றே ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தக் கரையின் கிறிஸ்தவ வரலாற்றில் இவ்வளவு கிட்டத்தில் தெரியும் முதல் பெண் அவள்தான். அவள் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் சவேரியாரின் கடிதத்தோடு பதிவு நின்றுவிடவில்லையே. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் ஏடு வைக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. அரசாங்கம் பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே கோயில்கள் பதியத் தொடங்கிவிட்டன.

ஞானஸ்நான ஏட்டின் ஒரு வரியில் என்னென்ன இருக்கும் என்று பார்த்தால் போதும். தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர் (வழக்கமாக அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு), ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவானவரின் கையெழுத்து. லத்தீனிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கும், மை மங்கியிருக்கும், கடற்கரை ஈரத்தில் ஓரம் பொடிந்திருக்கும். ஆனால் ஒரே வரியில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஞானத்தாய் பெரும்பாலும் சின்னம்மாவாகவோ அத்தையாகவோ மாமன் மனைவியாகவோ இருப்பாள். அவளைப் பின்தொடர்ந்தால் பக்கத்து வீட்டுக் கிளை அகப்படும். 1908 ஈஸ்டரிலிருந்து இன்னொரு வசதியும் வந்தது. யாருக்குக் கலியாணம் நடந்தாலும் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்பி, பழைய வரியின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று ரோமிலிருந்து உத்தரவு. வேம்பாரில் பிறந்து மணப்பாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண் வேம்பார் ஏட்டிலிருந்து தொலைந்துபோவதில்லை. எந்தத் தேதியில், எந்த ஊரில், யாரை மணந்தாள் என்பது அவள் பிறந்தபோது எழுதிய வரியின் ஓரத்திலேயே இருக்கும். ஆண்பிள்ளைக்கும் இதே விதிதான். ஆனால் ஊரைவிட்டுப் போய்ப் பெயர் மாறுகிறவள் பெண் என்பதால் அவளுக்குத்தான் இது உயிர்நாடி.

கலியாண ஏடு இன்னும் வளமானது. நம் ஊரில் முறைப்பெண்ணைக் கட்டுவது வழக்கம். திருச்சபைச் சட்டத்தில் அது தடை. கோயிலில் மூன்று முறை கலியாண ஓலை வாசித்தால் மட்டும் போதாது, உறவு விலக்கு வாங்க வேண்டும். விலக்கு வாங்க வேண்டுமென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் எந்தப் பாட்டன் பாட்டி வழியாக எத்தனையாவது படியில் உறவு என்று சொல்லியாக வேண்டும். வம்சம் பார்க்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? விலக்குக் குறிப்பு உள்ள ஒரு கலியாணம், பாதி மரத்தைத் தானே வரைந்து கையில் கொடுத்துவிடும்.

பெண்களின் பெயர்களே தேதி சொல்லும். லூர்து நகரில் மாதா காட்சி 1858இல். எனவே வீட்டுக் கதையில் வரும் லூர்தம்மாள் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. சலேத்தம்மாள் 1846க்குப் பின். பாத்திமா 1917க்குப் பின். குழந்தை தெரேஸ் புனிதையான ஆண்டு 1925. தஸ்நேவிஸ் என்ற பெயரைக் கேட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பனிமய மாதா கோயிலோடு ஏதோ ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது என்று தேடத் தொடங்கலாம். "எங்க லூர்தம்மா பாட்டி டச்சுக்காரன் காலத்துல முத்துச்சலாபத்துக்குப் போனவ" என்று ஒருவர் சொன்னால், டச்சுக்காரன் காலம் 1825இல் முடிந்துவிட்டது, நடுவில் ஒரு பாட்டியை விட்டுவிட்டீர்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஆண்களின் பெயர்கள் இந்த விஷயத்தில் அவ்வளவு உதவாது. அந்தோணி, மிக்கேல், சந்தியாகு என்று எல்லாக் காலத்திலும் ஒரே சுற்றுதான்.

"பழைய ஏடெல்லாம் கரையான் தின்னாச்சு" என்பார்கள். டச்சுக்காரர் காலத்துக் குழப்பத்தில் போனது போனதுதான். ஆனால் இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நூற்றைம்பது வருடத்து ஏட்டைக்கூடத் திறந்ததில்லை. தாயின் தாயின் தாய் யாரென்று கேட்டால் பெயர் தெரியாது. அதைக் கடந்து 1536க்குப் போக மட்டும் அவசரம். அவசரக்காரர்களில் இன்னொரு வகையும் உண்டு. போர்த்துக்கீசிய வம்சத்தைக் கேலி செய்துவிட்டு, நாங்கள் நேரே பாண்டியன் வழி என்று மார்தட்டுகிறவர்கள். பாண்டியரின் துறைமுகமான கொற்கை பக்கத்தில் இருக்கிறது, சாதித் தலைவருக்குப் பாண்டியாபதி என்ற பட்டம் இருந்தது. ஆகவே நானும் பாண்டியன். அந்தப் பட்டம் ஒரு குடும்பத்தின் அதிகாரத்தைக் காட்டுகிறது. கட்டுமரம் தள்ளியவர், சங்கு குளித்தவர், கருவாடு விற்றவள் என்று மீதி அத்தனை வீட்டுக்கும் அது வம்சாவளி ஆகிவிடாது. கப்பல்காரனைப் பிடித்தவர்களும் அரசனைப் பிடித்தவர்களும் செய்வது ஒன்றுதான். நடுவில் இருக்கும் இருபது பாட்டிகளைத் தாண்டிக் குதித்து, தூரத்தில் நிற்கும் ஒரு பெரிய ஆம்பளையின் காலைப் பிடித்துக்கொள்வது.

பொன்விழாவுக்கும் புதுமனை விழாவுக்கும் குடும்ப மரம் என்று வழவழத் தாளில் புத்தகம் அச்சடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஆறு தலைமுறை ஆண்களின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. கோயில் ஏட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். மனைவிக்கான கட்டங்களில் முதல் நான்கு தலைமுறைக்குப் பெயரே இல்லை. 'வீரபாண்டியன்பட்டினம்', 'ஆலந்தலை' என்று பிறந்த ஊர் மட்டும். மகள்களுக்குக் கட்டமே கிடையாது. மகனுடைய ஞானஸ்நானத் தேதியைப் பார்த்து எழுதியவர் கண்ணுக்கு முன்னால், அதே வரியில், தகப்பன் பெயருக்கு அடுத்து அந்தத் தாயின் பெயர் இருந்திருக்கும். தேதியை மட்டும் எழுதிக்கொண்டு ஏட்டை மூடியிருக்கிறார்.